கண்ணும் சிறகும்

சீவக சிந்தாமணியைப் பாடஞ் சொல்லும்பொழுது மயிற்பொறி வரும் இடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும். அதுவரை உரையின் சுமை தாங்காது தலை தாழ்த்தியிருந்த பின்வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான். "அந்தக் காலத்திலேயே நம்மவர் விமானம் விட்டார்களா, சேர்?" என்ற வினா ஆண்டுதோறும் தவறாது எழும். "விட்டிருந்தால் அதன் ஆணியேனும் ஒன்று எங்காவது அகப்பட்டிருக்கும்" என்று கூறி அவ்வாரவாரத்தை அடக்குவது என் வழக்கம். பழம்பெருமையில் எனக்குப் பற்று உண்டு. ஆனால் புலவனின் கற்பனையைப் பொறியியல் வரலாறாக்க யான் உடன்படேன்.

ஆயினும் அப்பகுதியில் திருத்தக்கதேவர் வைத்துள்ள நுட்பம் வேறு. சச்சந்தன் பொறியைச் செய்வித்ததோடு அமையவில்லை. கருவுற்றிருந்த விசயையே அதனை ஏற்றவும் இறக்கவும் பழகுமாறு செய்தான். பகை அரண்மனையை வளைத்த நாளில் அவள் ஏறிப் பறந்தாள். கட்டியங்காரனின் வெற்றி முரசு செவியில் விழ மயங்கினாள். பொறி சுடுகாட்டில் இறங்கிற்று. அதிற் பழுதொன்றும் இல்லை. செலுத்தியவளின் பயிற்சியிலும் குறைவில்லை. அமைச்சர் முன்னரே எச்சரித்தபொழுது அரசன் செவிசாய்க்காமையே பழுது. காணவேண்டிய காலத்திற் காணாதவனுக்கு மயிற்பொறி தப்பியோடும் வழியாக மட்டுமே பயன்பட்டது.

விமானப்படையைப் புதுக்குதல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இக்கதை என் நினைவுக்கு வருகின்றது. எந்நாட்டு விமானம் வாங்கலாம், அதன் வேகம் என்ன, விலை என்ன என்றே பேசுகின்றோம். முதலிற் காண்பவர் யார், கண்டதைச் சொல்பவர் யார், பொறியைப் பழுதின்றிப் பேணுபவர் யார் என்ற வினாக்கள் பின்னே தள்ளப்படுகின்றன. இவ்வினாக்களை எம் கடலே ஒருமுறை எழுப்பிற்று.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு முன்னே மணலில் நின்று வடக்கே நோக்கினால், கரை வளைந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்வது தெரியும். அந்நகருக்கு நேர் கிழக்கே, கரையிலிருந்து சில மைல் தூரத்தில், கடலடியில் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. வேறொரு கப்பலை மாற்றியமைக்காது, விமானந்தாங்கியாகவே முதன்முதல் வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி முற்பகலில், யப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள் எண்பதளவில் அதன்மேற் பாய்ந்தன. சில நிமிடங்களுள் அது மூழ்கிற்று. 307 பேர் மாண்டனர். துணையாகச் சென்ற அவுஸ்திரேலியக் கப்பல் வாம்பயரும் உடன் மூழ்கிற்று. அவ்வழியே வந்த வீற்றா என்னும் வைத்தியக் கப்பல் அறுநூறு பேர் வரையில் நீரிலிருந்து மீட்டது.

இதிற் பெரிய வியப்பு யாதெனில், அவ்விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. திருகோணமலை தாக்கப்படும் என அறிந்து முதல்நாள் இரவே அவசரமாகத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டபோது, அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. காவலுக்குப் போர்விமானம் வேண்டி அனுப்பிய செய்தி உரிய நேரத்திற் பயன் தரவில்லை. உதவி வந்தபோது கப்பல் இல்லை.

அதே கிழமையில் நிகழ்ந்த வேறொன்றையும் இதனோடு சேர்த்து நோக்குக. ஏப்ரல் 4ஆந் திகதி, கொக்கலையிலிருந்து எழுந்த கற்றலினா என்னும் நீர்விமானம் ஒன்று தென்கடலில் யப்பானியக் கடற்படையைக் கண்டது. மெதுவாகப் பறக்கும் பருத்த உருவம். போர்விமானங்களுக்கு முன் அது வாத்தே. எனினும் சுட்டு வீழ்த்தப்படுமுன் அதிலிருந்தோர் தந்தியில்லாக் கருவி வழியே செய்தியை அனுப்பிவிட்டனர். அதன் தலைவர் பேர்ச்சால் என்னும் கனேடியர். சிறைபிடிக்கப்பட்டுப் போர் முடியும்வரை யப்பானில் இருந்தார். மறுநாள் கொழும்பின் மீது வந்த விமானங்களை அங்கிருந்த ராடார் காணத் தவறிற்று. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையில் ராடார் கண்டது. விமானங்கள் முன்னரே வானில் ஏறி எதிர்நின்றன. ஆக, ஒரே கிழமையுள் இலங்கைத் தீவு கற்றவை பல: ஓர் ஆமைவேக விமானத்தின் கண் பெரும்பணி செய்தது, பெருங்கப்பல் ஒன்று கண்ணும் சிறகும் இன்றி மாண்டது.

விடுதலைக்குப் பின் எமக்கென அமைந்த விமானப்படையின் கதை 1951இல், சிப்மங்க் என்னும் பயிற்சி விமானங்களோடு எளிமையாகத் தொடங்கிற்று. முதல் தளபதிகள் ஆங்கிலேயர். 1959இல் ஜெட் புரொவொஸ்ட் விமானங்கள் பன்னிரண்டு வந்தன. தாரைவிமானத்தின் இரைச்சலை ஊரார் கேட்டது அப்போதுதான். 1971 ஏப்ரலில் இளைஞர் கிளர்ச்சி வெடித்தவேளை, ஒதுக்கி வைத்திருந்த அவ்விமானங்களைத் தூசு தட்டி எடுக்கவேண்டியதாயிற்று. அவ்வாண்டே சோவியத் ஒன்றியத்தின் மிக் 17 விமானங்களும் வந்து சேர்ந்தன. பின்னர் அந்நியச் செலாவணி இன்மையால் படையின் உலங்குவானூர்திகள் உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பொருளீட்டும் நிலை உண்டாயிற்று! அதனை இகழ்ந்து பேசியோர் பலர், யான் இகழேன். ஓடாத பொறி துருப்பிடிக்கும். ஓட்டாத கை மறக்கும்.

1983க்குப் பின் வந்த நெடிய போர்க்காலத்தின் கொள்வனவுகளை விரித்துரைக்கின் ஏடு இடங்கொடாது. 1991இல் சீனத்தின் எவ் 7, 1993இல் ஆர்ஜென்ரீனாவின் புக்காரா, 1996இல் இஸ்ரேலின் கிபிர், 2000இல் மிக் 27 என, முன்னைய இழப்பொன்றுக்கு மறுமொழியாகவே அடுத்த கொள்வனவு அமைந்தது. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய இரு நாட்களிலும் பலாலிக்கு அருகே அவ்ரோ விமானங்கள் இரண்டு ஏவுகணையால் வீழ்ந்தபின்னரே, வானில் ஏவுகணை அச்சம் உண்டென்பது உறைத்தது. 2001 யூலை 24ஆந் திகதி கட்டுநாயக்காவில் நிலத்தில் நின்ற நிலையிலேயே படைவிமானமும் பயணிகள் விமானமுமாக இருபதுக்கு மேற்பட்டவை அழிந்தும் சிதைந்தும் போயின. விலைமதியா விமானத்தை வாங்கி, அது நிற்கும் வேலியைப் புதுக்க மறந்த கதை அது.

அக்காலம் தமிழுக்கு இரண்டு சொற்களைத் தந்தது. ஒன்று கிபிர். எபிரேய மொழியில் அது இளஞ்சிங்கத்தைக் குறிக்கும் என்பர். வடக்கிலும் கிழக்கிலும் அச்சொல்லைக் கேட்ட தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடினாள். மற்றொன்று வண்டு. ஆளில்லா வேவுவிமானத்தின் இரீங்காரம் கேட்டு மக்கள் தாமே இட்ட பெயர் அது. கலைச்சொல்லாக்கக் குழு எதுவும் கூடி ஆக்கியதன்று. வலவன் இன்றிச் செல்லும் வானூர்தியைப் புறநானூற்றுப் புலவர் புகழுடையோர் மறுமையில் எய்தும் பேறாகப் பாடினார். எம்மவர்க்கு அவ்வூர்தி தலைக்கு மேலே வட்டமிட்டபோது, பின்னால் வருவது யாதோ என்ற நடுக்கமே எய்திற்று. 1995 யூலை 9ஆந் திகதி நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மேற் குண்டு வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட்டு, விமானப்படையைப் புதுக்குதல் பற்றி எவரேனும் தமிழிற் கட்டுரை எழுதுவராயின், அவர் வாசகரின் முகத்தைப் பாராது எழுதுகின்றார் என்பேன். குறி தப்பாத கருவி வேண்டும் என்பது படைத்துறையின் வாதம். குறி எதுவெனத் தெரிந்து, ஆணையிடுபவரை வினாவும் முறையும் வேண்டும் என்பது குடிகளின் வாதம். பின்னதற்கு எந்நாட்டுத் தொழிற்சாலையிலும் உதிரிப்பாகம் கிடையாது.

2007 மார்ச் 26ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில் நடந்தது வேறொரு பாடம். விடுதலைப் புலிகளின் சிலின் 143 என்னும் சிறு விமானங்கள் வன்னியிலிருந்து நெடுந்தூரம் பறந்து வந்து கட்டுநாயக்கா விமானத்தளத்திற் குண்டு வீசித் திரும்பின. பொழுதுபோக்குக்காகப் பறப்போர் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தவை அவை. ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்களை வைத்திருந்த படைக்கு அவற்றைப் பிடிக்க இயலவில்லை. காரணம் எளிது. வெப்பந் தேடிச் செல்லும் ஏவுகணைக்குத் தாரைவிமானத்தின் அனல் வேண்டும். சிறு எஞ்சினின் சூடு அதற்குப் போதாது. அக்காலத்தில் இந்தியா தந்திருந்த ராடார் இருபரிமாண வகை. தூரமும் திசையும் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரத்தையும் காட்டும் முப்பரிமாண ராடாரைச் சீனத்திடம் வாங்குவதா என்ற வினா இரு பெரு நாடுகளுக்கிடையே இச்சிறு தீவை நெருக்கிற்று. 2008இல் புதிய எவ் 7 விமானங்கள் வந்தன. 2009 பெப்ரவரி 20ஆந் திகதி இரவு மீண்டும் வந்த இரு சிறு விமானங்களுள் ஒன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிற்று. மற்றையது கட்டுநாயக்காவுக்கு அருகே வீழ்த்தப்பட்டது.

ராடாரைப் பற்றி ஈண்டு ஒரு சொல். கதுவி என்று அதற்குத் தமிழில் அழகிய பெயர் உண்டு. பற்றிக்கொள்வது என்பது பொருள். அதன் அலை ஏறக்குறைய நேராகவே செல்லும், உலகமோ உருண்டை. ஆகவே பத்து மீற்றர் உயரத்தில் நிற்கும் கதுவி, நூறு மீற்றர் உயரத்திற் பறந்து வரும் விமானத்தை ஐம்பது கிலோமீற்றர் அளவுக்கு நெருங்கிய பின்னரே காணும். மணிக்கு ஆயிரம் கிலோமீற்றர் வேகமுடையது அத்தூரத்தை மூன்று நிமிடத்திற் கடந்துவிடும். ஒழுக்கு அடைத்து முடியுமுன் மழை கூரையைப் பிய்த்துவிடும்! அதே கருவியை விமானத்தில் ஏற்றி மூவாயிரம் மீற்றர் உயரத்திற் கொண்டுசென்றாலோ, கடற்பரப்பில் இருநூறு கிலோமீற்றருக்கு அப்பாலும் புலனாகும். எமக்கு உரித்தான பொருளாதாரக் கடற்பரப்பு நிலத்தைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. இங்கிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகள் நாட்கணக்கில் அப்பரப்பிலே அலைகின்றன. போதைப்பொருட் கப்பல்களும் அங்குதான், வழிதவறிய வள்ளங்களும் அங்குதான். அங்கே காவற்பறவையாக வட்டமிடுவதற்கு ஒலியினும் விரைந்த விமானம் உதவாது; நெடுநேரம் மெல்லப் பறக்கும் கற்றலினாவின் வழித்தோன்றலே உதவும்.

2007 ஒக்டோபர் 22ஆந் திகதி அநுராதபுரத் தளம் தாக்கப்பட்டபோது அழிந்தவற்றுள் அவ்வகை வேவுவிமானம் ஒன்றும் இருந்தது. பின்னர் 2022 ஓகஸ்ற் 15ஆந் திகதி இந்தியா டோர்னியர் 228 ஒன்றைக் கையளித்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா கிங் எயார் 360 ஒன்றை வழங்கிற்று. கொடையாக வந்த கண்கள் அவை. பிறர் தந்த கண்ணாற் பார்க்கும்போது, பார்த்ததைப் பிறரும் பார்ப்பர் என்பதை மறத்தல் ஆகாது. என்றாலும் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்த நாடு, தந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்குமா?

அவ்வறிவிப்புக்கு ஓராண்டுக்கு முன், 2021இல், ஐந்து கிபிர் விமானங்களைப் புதுக்குவதற்கு இஸ்ரேல் நிறுவனத்தோடு ஐந்து கோடி டொலர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பழைய உடலிற் புதிய ராடாரும் மின்னணுக் கருவிகளும் பொருத்துவது திட்டம். அவ்வேலையை இங்கேயே செய்து, எம் தொழில்நுட்பவியலாளர் கற்கவும் வழி வைக்கப்பட்டது. அதனை யான் மனமாரப் பாராட்டுவேன். ஆயினும் ஐந்து கோடி டொலரைக் கேட்டவுடன் என் எண்ணம் வேறு பொறிமேற் சென்றது. பெல் 212 என்னும் உலங்குவானூர்தி வகை 1970ஐ ஒட்டிய காலத்தது. 2025 மே 9ஆந் திகதி மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் அவ்வகை ஒன்று வீழ்ந்து படையினர் அறுவர் மாண்டனர். அதே ஆண்டு நவம்பர் இறுதியில், டித்வா புயலின் வெள்ளத்தில் உதவிக்குச் சென்ற மற்றொன்று லுணுவிலப் பக்கத்தில் வீழ்ந்து அதன் விமானி உயிர் நீத்தார். இவற்றின் காரணத்தை ஆராய்ந்து கூறுவது அறிந்தோர் கடன். எம் நாட்டில் விமானப்படையினர் அதிகம் ஏறுவதும், குடிகள் அதிகம் எதிர்பார்ப்பதும் அப்பொறியையே என்பது மட்டும் வெளிப்படை. போர் ஓய்ந்த பின் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐக்கிய நாடுகளின் பணியில் 2014 முதல் பெயரெடுத்ததும் கிபிர் அன்று; எம்.ஐ. 17 உலங்குவானூர்தியே.

2004 திசெம்பர் 26ஆந் திகதி காலை ஏழு மணியளவிற் சுமாத்திராவில் நிலம் நடுங்கிற்று. இரண்டு மணி நேரத்துள் கடல் எழுந்து எம் கரைக்கு வந்துவிட்டது. ஆழ்கடலில் அவ்வலை இரு முழ உயரமும் இராது; எவ்விமானத்தின் கண்ணுக்கும் அது தப்பியிருக்கும். ஆனால் எம் கரை அழிந்த பின்னும், தென்மேற்கே பெரலியாவிற் புகையிரதத்தை அலை கவிழ்ப்பதற்கு இடையே நேரம் இருந்தது. கண்டதைச் சொல்ல ஒரு வழி இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் என் மாணவர் சிலரும் உளர். அவர்கள் பெயரை இடாப்பிலிருந்து நீக்கிய நாளை இங்கே எழுதேன்.

அடுத்த சில நாட்களுள் ஒரு காலை, உயர்ந்த நிலத்துப் பாடசாலை ஒன்றில் ஒதுங்கியிருந்தோம். மேற்கே உகணைப் பக்கமிருந்து உலங்குவானூர்தியின் ஒலி கேட்டது. பெண்கள் பழைய வழக்கத்தால் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு சுவரோரம் ஒடுங்கினர். அது விளையாட்டு மைதானத்திற் புழுதி கிளப்பித் தாழ்ந்தது. கதவு திறந்து தண்ணீர்ப் போத்தல்களும் அரிசி மூடைகளும் இறங்கின. புழுதி அடங்குமுன்னரே சிறுவர்கள் ஓடினர். பெல் 212 என்று எவரோ சொன்னார். அதன் வாலில் எழுதியிருந்த எண்ணை என் மகன் நெடுநாள் நினைவில் வைத்திருந்தான்.