படகுத் துறையும் கடலோதமும்

பெருநகரங்களில் தொழிலுக்கும் கல்விக்கும் நாள்தோறும் செல்வோர் புறநகர் இரயில் நிலையங்களில் கூடுகின்றனர். சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் 1931-ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கியது. அந்தமான் தீவுகளில் பயணிகள் இரயில் இல்லை. அங்கே நிலையத்தின் பணியைப் படகுத் துறைகளே செய்கின்றன.

அவற்றுள் ஒன்று சாத்தம் துறை. 1883-இல் நிறுவப்பெற்ற மர அறுவை ஆலையால் பெயர்பெற்ற சாத்தம் தீவு, போர்ட் பிளேர் நகருடன் பாலத்தால் இணைக்கப்பட்டுள்ளது. (இந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயரை நடுவண் அரசு 2024-இல் அறிவித்தது.) எதிர்க்கரையிலுள்ள பாம்பூ பிளாட்டுக்கு மக்களும் வாகனங்களும் இங்கிருந்து படகில் கடக்கின்றனர். நிலவழியே செல்வதாயின் நெடுந்தூரம் சுற்றவேண்டும்.

இரயில் நிலையத்திற்கும் படகுத் துறைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இந்திய இரயில்வேயின் உயர்மட்ட நடைமேடை தண்டவாளத்திற்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரத்தில் அமைக்கப்படுகின்றது. வண்டி எப்பொழுது வந்தாலும் அதன் தளத்திற்கும் மேடைக்கும் உள்ள உயர வேறுபாடு பெரிதும் மாறுவதில்லை. படகோ நீரின்மேல் மிதப்பது. நீர் ஏறினால் தானும் ஏறும், வற்றினால் தானும் தாழும். போர்ட் பிளேரில் அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாட்களை ஒட்டி உயர்நீருக்கும் தாழ்நீருக்கும் ஏறத்தாழ 2 மீட்டர் வேறுபாடு உண்டாகின்றது. இஃது ஓர் ஆளின் உயரத்தை விட அதிகமாகும்.

இங்கு நாளொன்றுக்குப் பொதுவாக இருமுறை கடல் ஏறி, இருமுறை வற்றும். ஆயினும் அலுவலகமும் பள்ளியும் கதிரவனைப் பின்பற்றும் கடிகாரப்படி நடக்கின்றன. ஓதமோ பெரிதும் சந்திரனைப் பின்பற்றுகின்றது. ஆதலின் ஒவ்வொரு நாளும் உயர்நீர் சுமார் 50 நிமிடம் பிந்தி வருகின்றது. ஏழு நாட்களில் இது 350 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். இன்று காலை 8 மணிப் படகு உயர்நீரில் நின்றால், அடுத்த வாரம் அதே படகு தாழ்நீரில் நிற்கும். கால அட்டவணை ஒன்றே. ஏறும் படி வேறு.

இதனைச் சமாளிக்கப் பல முறைகள் உள. வெவ்வேறு மட்டங்களில் படிகள் அமைப்பது ஒன்று. நீரை நோக்கிச் சாய்ந்த சரிவுத்தளம் கட்டி, நீர்மட்டத்திற்கேற்ற இடத்தில் வாகனப் படகின் முனைப்பலகையை இறக்குவது மற்றொன்று. மிதவை மேடை அமைத்து, கீல் பொருத்திய பாலத்தால் அதைக் கரையுடன் இணைப்பது மூன்றாவது. பாலம் 20 மீட்டர் நீளமாயின், அதன் ஒரு முனை 2 மீட்டர் தாழும்போது சரிவு பத்துக்கு ஒன்று ஆகும்.

நீர் மட்டுமன்றி நிலமும் அசையக்கூடும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் 9.1 அளவிலான நிலநடுக்கத்தின்போது, வட அந்தமானின் சில கரைகள் உயர்ந்தன. போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் வயல்கள் உவர்நீரில் மூழ்கின. உயர்நீருக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டப்பட்ட ஒரு துறை ஒரு மீட்டர் தாழுமாயின், எஞ்சுவது அரை மீட்டரே. பழைய கணக்கை நம்பிக் கட்டினால், பெரிய ஓதத்தின்போது பயணியர் நிற்கும் தளத்தையே நீர் எட்டிவிடும்.

ஆதலின் நீண்டகாலப் பதிவுகள் இன்றியமையாதவை. 1881 டிசம்பர் 31-இல் கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலையைப் போர்ட் பிளேர் ஓதமானி பதிவு செய்துள்ளது.

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். பாதுகாப்பான ஒரு துறையில், பெரியோர் உடனிருக்க, அளவு குறித்த கழி ஒன்றைத் தூணில் கட்டி, இரு வாரங்கள் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறிக்கச் செய்க. அருகில் சந்திரனின் வடிவத்தையும் வரைக. களப் பணியாளர் இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணையுடன் அதனை ஒப்பிடலாம். கயிறு கட்டி முடியுமுன் படகுக்கும் கரைக்கும் இடையே ஒருவரும் கால் நீட்டலாகாது என்பதையும் அப்பொழுதே கற்பிப்பது நன்று.