பெயரால் மாண்ட விலங்கு

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குப் 'புலி' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்திருந்தேன். அக்குறணையிற் பிங்கா ஓயாக் கரையோரத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன், புலியின் வகைகளை அடுக்கியவிடத்து, வங்கப் புலி, சைபீரியப் புலி என்பவற்றோடு தஸ்மேனியப் புலியையும் சேர்த்திருந்தான். நான் அதனைச் சிவப்பு மையாற் சுழித்து, "இது புலியன்று" என ஓரத்திற் குறித்தேன். மறுநாள் அவன் கொப்பியுடன் வந்து, "புலியில்லையென்றால் ஏன் சேர் அதற்குப் புலியென்று பெயர் வைத்தார்கள்?" என்று வினாவினான். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தபோது, அவ்விலங்கு மாண்டதற்கு அப்பெயரும் ஒரு காரணமாயிற்று என்பது எனக்குப் புலனாயிற்று.

அவுஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள பெருந்தீவு தஸ்மேனியா. அங்கு வாழ்ந்த அவ்விலங்கு கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது. முகம் நாயினது போன்றது; வால் விறைத்தது; முதுகின் பின்புறத்திற் கருவரிகள் உண்டு. அவுஸ்திரேலியப் பெருநிலத்தில் ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன்னரே அது மறைந்துபோகத் தஸ்மேனியாவில் மட்டும் எஞ்சியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆட்டு மந்தைகளோடு அங்குக் குடியேறிய ஐரோப்பியர், வரியைக் கண்டு புலி என்றனர். முகத்தைக் கண்டு ஓநாய் என்றனர். ஆடு வளர்ப்போன் செவியில் ஓநாய் என்னுஞ் சொல் எப்பொருளில் விழும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெயரிட்ட அன்றே குற்றமுஞ் சாட்டியாயிற்று.

ஆடுகள் மாண்டது மெய்யே. ஆயினும் காடுகளில் திரிந்த வளர்ப்பு நாய்களும், ஆட்டுக் கள்வரும், மந்தை மேய்த்தோரின் கவனக்குறைவும் செய்தவற்றின் பழியெல்லாம் இவ்வொரு விலங்கின் தலையிலேயே விழுந்தது. அதன் மண்டையோட்டை அண்மைக் காலத்தில் ஆராய்ந்தவர்கள், ஆட்டை வீழ்த்துமளவுக்கு அதன் தாடை வலியதன்று எனவுங் கூறியுள்ளனர். ஆனால் 1830ஆம் ஆண்டிலேயே அங்கிருந்த ஒரு நிலக் கொம்பனி அதன் தலைக்கு விலை வைத்துவிட்டது. 1888ஆம் ஆண்டில் அரசாங்கமும் முன்வந்து, வளர்ந்ததற்கு ஒரு பவுணும் குட்டிக்கு அரைப் பவுணுமாகப் பரிசு அறிவித்தது. 1909ஆம் ஆண்டுவரை 2184 முறை அப்பரிசு வழங்கப்பட்டது. காடழிவும், நாய்களின் போட்டியும், நோயும் இவ்வழிவுக்குத் துணைநின்றன.

சட்டமும் வந்தது. 1936ஆம் ஆண்டு ஜூலை 10ஆந் திகதி இவ்விலங்கு பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஐம்பத்தொன்பதாம் நாள், செப்டெம்பர் 7ஆந் திகதி, ஹோபாட் நகர மிருகக்காட்சிச்சாலையில் கடைசி விலங்கு உயிர்நீத்தது. அதனைப் பிடித்தவன் சட்டத்துக்கு மாறாகக் கண்ணி வைத்தவனாதலின், அது வந்த செய்தி ஏட்டிற் பதியப்படவில்லை. ஆதலால் அதன் தோல் எங்குளது என்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 2022ஆம் ஆண்டிற் கண்டறிந்தபோது, அது தஸ்மேனிய நூதனசாலையின் அலுமாரியிலேயே இருந்தது. கல்விக் காட்சிப் பொருளாக ஊர் ஊராகக் கொண்டு சென்று காட்டப்பட்ட தோல் அதுவேயாம். அதனைக் காட்டியோரும் அறிந்திலர், கண்டோரும் அறிந்திலர். ஓர் ஆசிரியன் என்ற முறையில் இச்செய்தியைப் படித்த அன்று என்னால் வேறெதனையும் படிக்க இயலவில்லை.

இது கடல்கடந்த நாட்டுக் கதையென்று நாம் அமைதியுறுதற்கில்லை. சிவிங்கி என்றொரு சொல் நம் அகராதிகளில் உண்டு. மெலிந்த உடலும் விரைந்த ஓட்டமுமுடைய அவ்விலங்கு சிறுத்தையின் வேறாயது. புள்ளியால் ஒத்தமையின் பலர் இரண்டனையும் ஒன்றாகவே வழங்கினர். மொகலாய மன்னர் மான்வேட்டைக்கென அதனைக் காட்டிலிருந்து பெருந்தொகையாகப் பிடித்துப் பழக்கினர். கூண்டில் அது ஈனுதல் மிக அரிதாதலின், பிடிக்குந்தோறுங் காடு வறிதாயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் அதன் தலைக்கும் பரிசுப்பணம் வழங்கப்பட்டது. 1947ஆம் ஆண்டில், இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தில் அடங்கிய கொரியா என்னும் சமஸ்தானத்தின் அரசர் ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டு வீழ்த்தினார். 1952ஆம் ஆண்டில் இந்தியாவில் அவ்வினம் அழிந்ததென அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு ஆபிரிக்காவிலிருந்து சிவிங்கிகளைக் கொணர்ந்து குனோ வனத்தில் விட்டபோது, சிறுத்தை வந்தது என எழுதினாரும் உளர். விலங்கோடு சொல்லின் பொருளும் மங்கிவிட்டது.

நம் மலைநாட்டுக்கு வருவோம். இலங்கைக் காட்டில் வரிப்புலி இல்லை. ஈண்டுப் புலி எனப்படுவது சிறுத்தையே. தேயிலைத் தோட்டத்தின் மேலே "புலி" என்றொரு குரல் எழுந்தால், அடுத்த கணம் தடியும் கல்லும் எழுகின்றன. காட்டுப்பன்றிக்கென வைத்த கம்பிக் கண்ணியிற் சிறுத்தை சிக்குவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில், காண்டற்கரிய கருஞ்சிறுத்தையொன்று அவ்வாறு சிக்கி, மீட்கப்பட்டுஞ் சில நாளில் இறந்தது. அதனைக் காக்கும் சட்டம் அன்றும் இருந்தது. தஸ்மேனியாவிலும் கண்ணிக்கு எதிரான சட்டம் இருந்ததை நாம் மறத்தலாகாது.

பொருளறியாது சொல்லை வழங்குதலைப் பரீட்சைத் தாளில் ஒரு புள்ளிக் குறைவாகவே நான் இதுகாறுங் கருதிவந்தேன். அதனால் ஓர் இனமே மாளக்கூடும் என்பதை மாணவன் ஒருவனே எனக்கு அறிவுறுத்தினான். அவனுடைய கொப்பியை மீளவும் வாங்கி, "இது புலியன்று" என்பதன் கீழ், "புலியென்று சொல்லிக் கொன்றார்கள்" என்று எழுதிக் கொடுத்தேன்.