ஏசி ஓடும்போது ஃபேனும் போடலாமா? கரண்ட் பில் குறையுமா, கூடுமா?

ஆடிக் காற்று இறங்கிவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் ஜன்னலைத் திறந்தாலே போதும், ஏசிக்கு வேலையில்லை. சித்திரை வெயில் அப்படியில்லை. தேனி, சின்னமனூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைகளில் ராத்திரியும் சூடு இறங்காது. அப்போது ஏசியோடு ஃபேனும் போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஆனா ஒரு விஷயம். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை. உடம்பு வியர்வையை உலர்த்தி நமக்குக் குளுகுளுன்னு காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் ஏசியை 24 டிகிரியிலிருந்து 26-க்கு ஏற்றினாலும் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது, ஏசிகளுக்கு ஸ்டார் ரேட்டிங் தரும் மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம்.

கணக்கைப் பாருங்க. ராத்திரி முழுக்க ஏசி 8 யூனிட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 டிகிரி ஏற்றினால் கிட்டத்தட்ட 1 யூனிட் மிச்சம். அதில் 75 வாட் பழைய ஃபேன் 8 மணி நேரத்தில் 0.6 யூனிட்டைத் தின்றுவிடும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் என்றால் கால் யூனிட்தான். ஏசி ரிமோட்டைத் தொடாமல் ஃபேனை மட்டும் சுழலவிட்டால்? பில் கூடத்தான் செய்யும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாத பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 யூனிட் வரைக்கான குறைந்த கட்டணமும் போய்விடும். விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு, தினமும் மிச்சமாகும் முக்கால் யூனிட் 60 நாளில் 45 யூனிட். ஆள் இல்லாத அறையில் மட்டும் ஃபேனை அணைச்சிடுங்க.