கப்பலை இழுக்கும் கப்பல்!

மாட்டுத்தாவணியில் தூத்துக்குடி பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போயிருக்கிறீர்களா? நான்கு வழிச்சாலையில் எங்காவது ஒரு லாரி பழுதாகி நிற்கும். ரெக்கவரி வண்டி வந்து, சங்கிலி மாட்டி இழுத்துப் போகும். சரி, தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல் ஒன்று நடுக்கடலில் பழுதானால்?

லாரியாவது நின்ற இடத்தில் நிற்கும். கப்பல் நிற்காது. காற்றும் நீரோட்டமும் அதைத் தள்ளிக்கொண்டே போகும். கரைப் பக்கம் தள்ளினால் ஆபத்துதான்.

2020 செப்டம்பர் 3ல் இலங்கைக்குக் கிழக்கே இப்படித்தான் நடந்தது. குவைத்தில் இருந்து ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த 'நியூ டயமண்ட்' கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்தது. உள்ளே சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய்! மாலுமி ஒருவர் இறந்தார். 22 பேர் காப்பாற்றப்பட்டனர். அம்பாறை மாவட்டக் கரையில் இருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில் இருந்த கப்பல், கரையை நோக்கி நகரத் தொடங்கியது. இலங்கைக் கடற்படையினர் கயிறு மாட்ட உதவ, 'ஏ.எல்.பி. விங்கர்' என்ற இழுவைக் கப்பல் அதை ஆழ்கடலுக்கு இழுத்துப் போனது. இந்தியக் கடலோரக் காவல்படையும் சேர்ந்து தண்ணீர் பீய்ச்சியது. தீ அணைய ஒரு வாரம் ஆனது. ஆனால், சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை.

இழுவைக் கப்பலை துறைமுகத்தில் 'டக்' என்பார்கள். பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் அது, யானை பக்கத்தில் பாகன் மாதிரி இருக்கும். உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே பாதி இடத்தை அடைத்திருப்பது இன்ஜின்தான். அதன் பலத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கரையில் உள்ள இரும்புத் தூணில் கட்டி, முழு வேகத்தில் இழுக்க வைப்பார்கள். நடுவில் மாட்டிய கருவி, எத்தனை டன் என்று காட்டும். துறைமுக டக் 50, 60 டன் இழுக்கும். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் சிக்கிய 'எவர் கிவன்' கப்பலை மீட்கப் போன 'ஏ.எல்.பி. கார்டு' கடல் டக். இழுவிசை சுமார் 280 டன்!

பின்பக்கம் பெரிய உருளையில் ஒரு கி.மீ.க்கு மேல் இரும்புக் கயிறு சுற்றியிருக்கும். உங்கள் மணிக்கட்டை விடத் தடிமன். இதை எதிர்க் கப்பலுக்கு எப்படி அனுப்புவது? முதலில் மெல்லிய நூல்கயிற்றைத் துப்பாக்கி போன்ற கருவியால் சுடுவார்கள். அதன் நுனியில் தடித்த கயிறு, அதன் நுனியில் இரும்புக் கயிறு. பழுதான கப்பலில் மின்சாரம் இருக்காதே! ஆட்கள் கையால்தான் இழுக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. இழுக்கும்போது கயிறு விறைப்பாக இருக்கக் கூடாது. தன் எடையாலேயே தண்ணீருக்குள் தொய்ந்து தொங்க வேண்டும். அலை இரண்டு கப்பலையும் ஆளுக்கொரு பக்கம் தள்ளும்போது, அந்தத் தொய்வு நிமிர்ந்து அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். விறைப்பாக இருந்தால் 'பட்'டென்று அறுந்துவிடும்.

கயிறு பக்கவாட்டில் இழுத்தால் டக்கே கவிழ்ந்துவிடும். அதனால், கயிற்றை உடனே விடுவிக்க மாலுமி அறையில் ஒரு பொத்தான் உண்டு.

அந்தக் காலத்தில் பாய்மரக் கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்தது துடுப்புப் படகுகள். 1803ல் ஸ்காட்லாந்தில் 'சார்லட் டண்டாஸ்' என்ற நீராவிப் படகு, 70 டன் படகுகள் இரண்டைக் கால்வாயில் சுமார் 30 கி.மீ. இழுத்துக் காட்டியது.

இன்றும் கடலில் ஒரு பெரிய கப்பலை இழுத்துப் போகும் வேகம் மணிக்குப் பத்து கி.மீ. அளவுதான். சைக்கிளே முந்திவிடும்! ஆனால், டக் ராத்திரியும் தூங்காது. ஒரு நாளில் 240 கி.மீ. போய்விடும்.