மாசி மாதத்தில் வளவுத் துப்புரவு: எரியும் குப்பையும் எருவாகும் குப்பையும்

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, காலபோக நெல்லும் வீடு வந்து சேர்ந்தபின், கமக்காரருக்குச் சிறிது ஓய்வு கிடைக்குங் காலம் தை மாதப் பிற்பகுதியும் மாசி மாதமுமாகும். காலையிற் பனி, பகலில் மெல்லிய வெயில், மண்ணில் இன்னும் ஈரம். வீட்டு வளவைத் திருத்துவதற்கு இதனினும் வாய்ப்பான பருவம் வேறில்லை. பங்குனி வெயில் ஏறியபின் மண் இறுகிவிடும். அலவாங்கும் எளிதில் இறங்காது.

மழை மாதங்களிற் கவனிப்பாரற்றுக் கிடந்த வளவிற் புல்லும் பூண்டும் அடர்ந்திருக்கும். வேலி ஓலைகள் உக்கிச் சரிந்திருக்கும். முறிந்த கிளைகளும் பழுத்த இலைகளும் எங்கும் பரந்து கிடக்கும். இவற்றையெல்லாம் கூட்டிக் குவித்துத் தீ வைப்பதே துப்புரவு என்று பலரும் எண்ணுகின்றனர். மாசி மாலைகளில் ஊரெங்கும் எழும் புகை இதற்குச் சான்று. வளவு துப்புரவாகின்றது என்பது உண்மையே. ஆனால் அப்புகையோடு போவது அடுத்த போகத்தின் எரு என்பதைக் கமக்காரர் சிந்தித்தல் வேண்டும்.

எரிப்பதனால் நேரும் நட்டம்

இலையையும் வைக்கோலையும் எரிக்கும்போது அவற்றிலுள்ள நைதரசனிற் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிடுகின்றது. மண்ணைப் பொலபொலப்பாக்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும் உக்கற்பொருளும் அழிகின்றது. எஞ்சும் சாம்பலிற் பொற்றாசியம் உண்டு; ஆயினும் அது குவியல் எரிந்த ஓரிடத்திலேயே கிடந்து, காற்றிலும் அடுத்த மழையிலும் கரைந்தோடிவிடும்.

ஒரு தொன் வைக்கோலில் ஏறக்குறைய 5 முதல் 8 கிலோகிராம் வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோகிராம் வரை பொற்றாசியமும் அடங்கியுள்ளன. இயந்திரத்தினால் அறுவடை செய்த வயலில் வைக்கோல் சிதறிக் கிடப்பது தொல்லையாகத் தோன்றலாம். அதனைக் கொளுத்தும் கமக்காரர், தாம் விலைகொடுத்து வாங்கிய பசளையின் ஒரு பங்கையே கொளுத்துகின்றார். வயலிற் பரவி அடுத்த உழவில் மடித்துவிடவும், கால்நடைக்குச் சேமிக்கவும், எஞ்சியதை எருக்குழியிற் சேர்க்கவும் அது பயன்படும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்ணில் உக்கற்பொருள் இயல்பாகவே குறைவு. வெப்பத்தினால் அது விரைவிற் சிதைந்தும் போகின்றது. இதனை அறிந்தே முன்னோர் பூவரசங்குழையைத் தோட்டத்திற் தாழ்த்தினர். வேலியிலிருந்து கழித்த பழைய ஓலைகளையும் வெட்டிப் புதைத்தனர். அவ்வழக்கம் குறைந்த இடங்களில் அதனை மீண்டும் கைக்கொள்ளுதல் நன்று.

எருக்குழி அமைத்தல்

மழைக்காலத்திற் குப்பையை நிலத்தின்மேற் குவித்து உக்கவைக்கலாம். வெயிற்காலத்திற் குழியே ஏற்றது. ஈரம் காயாது காக்கும். 3 அடி ஆழமும் 5 அடி அகலமும் கொண்ட குழியை மரநிழலிற் தோண்டுக. நீளம் குப்பையின் அளவைப் பொறுத்தது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி தூரம் இருத்தல் வேண்டும். குடாநாட்டின் நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல் வெடிப்புக்கள் நிறைந்தது. எருவின் கசிவு அவற்றினூடாகக் கிணற்று நீரை அடையக்கூடும்.

அடியிற் சிறு சுள்ளிகளைப் பரப்பி, அதன்மேல் உலர்ந்த சருகை ஓரடி உயரத்துக்கு இடுக. அடுத்து, கிளிசிரிடியா, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் பச்சைக் குழையை அரையடி உயரத்துக்கு இடுக. அதன்மேற் சாணக் கரைசலைத் தெளித்து, ஒரு பிடி மேல்மண்ணைத் தூவுக. இவ்வாறே அடுக்கடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் நீரால் நனைத்தல் வேண்டும். ஈற்றில் வாழைச் சருகினாலோ பழைய கிடுகினாலோ மூடிவிடுக.

பத்து நாட்களின்பின் ஓர் அலவாங்கைக் குழியின் நடுவே குத்திச் சிறிது நேரம் விட்டு இழுத்துத் தொட்டுப் பார்க்கலாம். அது சூடாகவும் ஈரமாகவும் இருப்பின் குழி நன்கு உக்குகின்றது. சூடின்றி உலர்ந்திருப்பின் நீர் போதாது. துர்நாற்றம் வீசின் நீர் மிகுந்து காற்றோட்டம் குறைந்துள்ளது. குப்பையைக் கிளறிவிடல் வேண்டும். மாதம் ஒருமுறை மேலுள்ளதைக் கீழும் கீழுள்ளதை மேலுமாகப் புரட்டிவிட்டால், மூன்று மாதமளவில் கருநிறமான, மண்மணங் கமழும் கூட்டெரு கிடைக்கும். புரட்டும்போது காணப்படும் பருத்த வெண்புழுக்கள் தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் குஞ்சுகளாகும். அவற்றைப் பொறுக்கிக் கொன்றுவிடுக. கோழிகளும் விரும்பி உண்ணும். உக்கிக் கிடக்கும் தென்னங்குற்றிகளிலும் இவ்வண்டு பெருகுமாதலால், அவற்றைப் பிளந்து அகற்றுதல் வேண்டும்.

தீயிலிட வேண்டியவை

எல்லாக் குப்பையும் எருவுக்கு ஆகா. வாடல் நோயினாற் பட்டுப்போன கத்தரி, இலைச்சுருளல் கண்ட மிளகாய், நரம்பு மஞ்சளித்த வெண்டி ஆகியவற்றை வேரோடு பிடுங்கி உலர்த்தி எரித்துவிடல் வேண்டும். காய்த்து ஓய்ந்த செடிகளைத் தோட்டத்தில் நிற்கவிடுவதும் தவறு. வெண்ணீயும் பிற பூச்சிகளும் அவற்றிற் தங்கியிருந்து அடுத்த நாற்றுக்கு வந்து சேரும். பழ ஈ தாக்கிய கொய்யா, பாகல், புடோல் ஆகியவற்றை இரண்டடி ஆழத்திற் புதைத்து மண்ணை மிதித்துவிடுக.

பொலித்தீனையும் பிளாத்திக்குப் பொருள்களையும் எருக்குழியில் இடவும் ஆகாது; எரிக்கவும் ஆகாது. அவற்றைப் புறம்பே சேர்த்துக் கழிவு அகற்றும் உள்ளூராட்சி வண்டியிற் கொடுத்தல் வேண்டும்.

மரங்களும் வேலியும்

தேசி, மாதுளை முதலியவற்றிற் பட்ட கிளைகளையும் உள்நோக்கி நெருங்கி வளர்ந்த கிளைகளையும் கூரிய கத்தியால் வெட்டி நீக்குக. மாமரம் பூத்துப் பிஞ்சு பிடிக்கும் பருவம் இதுவாதலின் அதனைக் கவ்வாத்துச் செய்தலாகாது. காய் பறித்தபின் செய்து கொள்ளலாம். குருவிச்சை பற்றிய கிளையிருப்பின், பூக்குமுன் அதனை மட்டும் ஒட்டிய இடத்திலிருந்து ஓரடி கீழே வெட்டிவிடுக. குருவிச்சையை மாத்திரம் ஒடித்தால் மீண்டும் தளிர்க்கும்.

வாழைப் புட்டியில் தாய்மரம் ஒன்று, வளர்ந்த குட்டி ஒன்று, சிறு குட்டி ஒன்று ஆக மூன்றை நிறுத்தி ஏனையவற்றை அகற்றுக. குலை வெட்டிய மரத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் பரப்பிவிடல் வேண்டும். முழுதாகக் கிடந்தால் கிழங்கு வண்டுக்கு உறைவிடமாகும்.

தென்னையைச் சுற்றி ஆறடி ஆரத்திற் புல்லை நீக்கி, பொச்சுமட்டையாலும் சருகாலும் மூடாக்கு இடுக. பங்குனி, சித்திரை வெயிலில் ஊற்றும் நீர் வீணே ஆவியாகாது நிற்கும்.

வேலி அடைக்கும்போது கழிக்கும் பழைய ஓலைகளையும் வெட்டும் கிளுவை, பூவரசுத் தழைகளையும் தெருவோரத்திற் குவிக்காது குழிக்குக் கொண்டுசெல்க. மதில் கட்டிய வளவுகளிலும் ஒரு பக்கத்திலாவது கிளிசிரிடியாக் கதியால்களை நட்டு வளர்த்தால் ஆண்டுதோறும் குழை கிடைக்கும்.

நீர் தேங்கும் கலங்கள்

துப்புரவுப் பணியிற் குடும்பத்தின் உயிரோடு தொடர்புடைய பகுதி இதுவேயாகும். மழை ஓய்ந்தபின்னரும் சிரட்டை, உடைந்த சட்டி, தகரப்பேணி, பழைய ரயர் ஆகியவற்றில் நீர் தங்கி நிற்கும். தெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு இத்தகைய சிறு நீரிலேயே முட்டையிடுகின்றது. முட்டை வளர்ந்து நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். நீர் வற்றினும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையிற் பொரிக்கவல்லன. ஆதலின் நீரைக் கவிழ்த்தல் மாத்திரம் போதாது. வேண்டாத கலங்களை அகற்றுக. வேண்டிய தொட்டி, பீப்பா முதலியவற்றின் உட்புறத்தை வாரந்தோறும் தேய்த்துக் கழுவுக.

வாரந்தோறும் செய்யும் ஒழுங்கு

முழு வேலையையும் ஒரே நாளிற் செய்ய முயன்றால் களைப்பு மேலிட்டு, ஈற்றிற் தீப்பெட்டியே கைக்கு வரும். முதல் வாரத்தில் நீர்க்கலங்களையும் நோயுற்ற செடிகளையும் அகற்றுக. இரண்டாம் வாரத்திற் குழி தோண்டுக. மூன்றாம் வாரத்தில் மரங்களையும் வாழையையும் கவனிக்குக. நான்காம் வாரத்தில் வேலியைத் திருத்துக. முற்றம் கூட்டும் குப்பையை நாள்தோறும் ஒரு கடகம் வீதம் குழியிற் சேர்த்தால், தொண்ணூறு நாளில் தொண்ணூறு கடகம் சேரும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதையும், நவம்பரில் அத்தடை நீங்கியபின்னரும் 2022இற் பசளை விலை பன்மடங்காக உயர்ந்து நின்றதையும் கமக்காரர் மறந்திரார். கூட்டெரு வேண்டுமென்று நினைத்த அன்றே அதனைச் செய்துகொள்ள முடியாதென்பதை அக்காலம் உணர்த்திற்று. அதற்கு மூன்று மாதம் வேண்டும். ஒரு வளவின் எரு ஒரு ஏக்கர் நெல்லுக்குப் போதாது என்பது மெய்யே. எனினும் வீட்டுக் கறித்தோட்டத்துக்கும் நாற்றுமேடைக்கும் அது பெருந்துணையாகும். வாங்கும் பசளை மண்ணிற் தங்கிப் பயிருக்குச் சென்றுசேரவும் உதவும்.

மாசியில் மூடிய குழியை வைகாசியிற் திறக்கலாம். அவ்வெருவை நிழலில் மூடி வைத்தால், ஆவணியில் நாற்றுமேடை போடும்போது கைக்கு உதவும். ஆகவே இம்மாதம் முற்றத்திற் குவிந்திருக்கும் சருகுக்குத் தீ மூட்டுமுன், வளவின் நிழலான மூலையொன்றில் மண்வெட்டியை ஊன்றுக.