பொழுதுபோக்கு விளையாட்டு நிரலாக்கத்தில் தரவுக்கோப்புகளைப் படித்தலும் எழுதுதலும்: ஒரு தமிழ்ச் சொல்விளையாட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தனியொருவர் ஓய்வு நேரத்தில் உருவாக்கும் கணினி விளையாட்டிலும் சொற்பட்டியல், நிலைகளின் அமைப்பு, விளையாடுபவரின் முன்னேற்றம் ஆகியவை கோப்புகளாகவே நிலைபெறுகின்றன. அக்கோப்புகளில் தமிழ் எழுத்துகள் இடம்பெறும்போது எழும் சிக்கல்களையும் அவற்றின் காரணங்களையும், இக்கட்டுரையாளர் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சொல்விளையாட்டின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தரவுக்கோப்பு, ஒருங்குறி, ஜேசான், குறியேற்றம், இயல்பாக்கம், சேமிப்புக்கோப்பு.

முன்னுரை

விளையாட்டின் நிரலையும் தரவையும் பிரித்து வைக்கும் வழக்கம் புதிதன்று. 1993இல் வெளிவந்த ‘டூம்’ விளையாட்டு தன் வரைபடங்கள், படங்கள், ஒலிகள் அனைத்தையும் ‘வாட்’ எனும் ஒரே கோப்பில் வைத்திருந்தது. அதன் தலைப்பகுதி 12 பைட்டுகள் மட்டுமே: வகையைக் குறிக்கும் நான்கு எழுத்துகள், உள்ளுறுப்புகளின் எண்ணிக்கை, அவற்றின் அட்டவணை தொடங்கும் இடம். அட்டவணையில் ஒவ்வோர் உறுப்புக்கும் 16 பைட்டுகள். அவற்றுள் பெயருக்கு 8. இவ்வமைப்பு எளிதாக இருந்தமையால் ஆர்வலர்கள் நிரலைத் தொடாமலேயே புதிய வரைபடங்களை உருவாக்க முடிந்தது. ஆயினும் பெயருக்கான அந்த 8 பைட்டுகளில் யுடிஎஃப்-8 குறியேற்றத்திலான தமிழ்க் குறியெண்கள் இரண்டுக்கு மேல் அடங்கா. ‘கொடி’ என்னும் ஈரெழுத்துச் சொல்லுக்கே 12 பைட்டுகள் தேவை.

இன்றைய ஆர்வலர்கள் பெரும்பாலும் உரைவடிவக் கோப்புகளையே நாடுகின்றனர். விரிதாளில் தொகுக்கத்தக்க பட்டியல்களுக்குச் சிஎஸ்வியும், ஒன்றனுள் ஒன்று அடங்கிய தரவுகளுக்கு ஜேசானும் பொருந்துகின்றன. இக்கட்டுரையாளரின் விளையாட்டில் சொற்பட்டியல் சிஎஸ்வியாகவும், விளையாடுபவரின் சேமிப்பு ஜேசானாகவும் அமைந்தன.

சொற்பட்டியலைப் படித்தல்

முதற்சிக்கல் முதல் வரியிலேயே தோன்றியது. விரிதாள் மென்பொருளிலிருந்து யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பில் ‘சொல்’ என்ற தலைப்புடைய நெடுவரிசை கண்ணுக்குத் தெரிகிறது. நிரலோ அப்படியொரு நெடுவரிசை இல்லை என்கிறது. கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று பைட்டுகள் குறியேற்ற அடையாளமாகச் சேர்க்கப்பட்டிருந்ததே காரணம். வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் திறந்தால் பைத்தான் அவற்றைக் கண்ணுக்குப் புலப்படாத ஓர் எழுத்தாகக் கொண்டு முதற்றலைப்பின் முன் ஒட்டிவிடுகிறது. குறியேற்றப் பெயரை ‘யுடிஎஃப்-8-சிக்’ எனக் குறிப்பிட்டால் அவ்வடையாளம் நீக்கப்படும். தமிழ்த் தரவகங்களைக் கையாளும் ஆய்வாளர்களும் இதனை எதிர்கொள்வர். சொல்லடைவில் முதற்சொல் மட்டும் காரணமின்றித் தனித்து நிற்குமாயின் இவ்வடையாளத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக்குறியை ஒருங்குறியில் இரு வகையாகப் பதியலாம். 3018 என்னும் ஒரே குறியெண்ணாக இடலாம். 3014, 3006 என எகரக்குறியும் கால்குறியுமாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பில் ‘கொடி’ முதல் வகையில் 4 குறியெண்கள், இரண்டாம் வகையில் 5. நிரல் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே ஒப்பிடும். பட்டியலில் இருக்கும் சொல்லைச் சரியாகத் தட்டெழுதியவருக்கு ‘தவறு’ என்ற விடை கிடைக்கிறது. படிக்கும் இடத்திலும் உள்ளீடு பெறும் இடத்திலும் ஒருங்குறியின் ‘என்எஃப்சி’ இயல்பாக்கத்தைச் செய்தால் இது தீரும்.

ஔகாரத்தில் இம்மருந்து முழுமையாகப் பலிப்பதில்லை. ‘கௌதாரி’ என்பதைப் பலரும் எகரக்குறிக்குப் பின் ளகர எழுத்தையே இட்டுக் ‘கெளதாரி’ எனத் தட்டெழுதுகின்றனர். ‘ஔவை’ ‘ஒளவை’ ஆவதும் இவ்வாறே. ஒருங்குறியின் பார்வையில் ளகரம் வேறெழுத்து. எனவே இயல்பாக்கம் அதைத் தொடாது. எகரக்குறியும் ளகரமும் சேர்ந்து வரும் இடமெல்லாம் ஔகாரக்குறியாக மாற்றும் ஒற்றைவரி நிரலை இக்கட்டுரையாளர் ஒருமுறை எழுதிப் பார்த்தார். ‘வெளி’, ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ ஆகிய பிழையற்ற சொற்களும் சிதைந்தன. இறுதியில் அத்தகைய சொற்களைப் பட்டியலிட்டுக் கண்ணால் சரிபார்க்க நேர்ந்தது.

எழுத்தெண்ணிக்கையும் இதனோடு தொடர்புடையது. நம் இலக்கண மரபில் உயிர்மெய் ஓரெழுத்து. ‘கொடி’ ஈரெழுத்துச் சொல். பைத்தானின் நீளக் கணக்கு குறியெண்களை எண்ணி நான்கு என்று விடை தரும். மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளி தனிக் குறியெண் ஆகும். இதற்காகச் சிஎஸ்வியில் ‘எழுத்தெண்ணிக்கை’ என்றொரு நெடுவரிசை சேர்த்தது இக்கட்டுரையாளரின் தவறு. சொல்லைத் திருத்தியபோது எண்ணைத் திருத்த மறந்த வரிகள் பல. கணக்கிட்டுப் பெறத்தக்கதைக் கோப்பில் வைத்தல் ஆகாது.

முன்னேற்றத்தை எழுதுதல்

படிப்பதில் நேரும் பிழையைத் திருத்திவிட்டு மீண்டும் படிக்கலாம். எழுதுவதில் நேரும் பிழை பழையதையும் அழித்துவிடக்கூடும். விளையாட்டின் முதற்பதிப்பு ஜேசான் கோப்பைப் பைத்தானின் இயல்பு அமைப்பிலேயே எழுதியது. அவ்வமைப்பு ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு குறியெண்ணையும் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் ஆறு பைட்டுக் குறியீடாக்கும். ‘கொடி’ 24 பைட்டுகளாகும். மனிதர் படிக்கவும் இயலாது. ஆனால் எக்கணினியிலும் அது பழுதின்றி எழுதப்படும்.

இரண்டாம் பதிப்பில், கோப்பைத் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரிய வேண்டும் என்ற ஆசையால் அவ்வியல்பு மாற்றப்பட்டது. இக்கட்டுரையாளரின் லினக்ஸ் கணினியில் எக்குறையும் தென்படவில்லை. விண்டோஸ் கணினியில் பல நாள்களாக விளையாடிவந்த துறைத்தோழர் ஒருவர் புதிய பதிப்பை நிறுவி, ஒரு நிலையை முடித்துச் சேமித்தார். விளையாட்டு நின்றது, அதன்பின் திறக்கவே இல்லை.

நிகழ்ந்தது இதுதான். கோப்பைத் திறக்கும் ஆணையில் குறியேற்றம் குறிப்பிடப்படவில்லை. அந்நிலையில் பைத்தான் இயங்குதளத்தின் இயல்பை ஏற்றுக்கொண்டது. அவருடைய விண்டோஸில் அது 1252 எனும் மேலை ஐரோப்பியக் குறியேற்றம். அதில் தமிழுக்கு இடமில்லை. ஆகவே முதல் தமிழ் எழுத்தில் நிரல் முறிந்தது. ஆனால் எழுதுவதற்காகத் திறந்த அக்கணமே பழைய கோப்பின் உள்ளடக்கம் அழிந்துவிட்டது. முறிவதற்கு முன் எழுதப்பட்ட பகுதி மட்டும் எஞ்சியது: நிலை எண், மதிப்பெண், பின் சொற்பட்டியலின் சாவியும் ஒரு முக்காற்புள்ளியும். சாவிகள் ஆங்கிலத்தில் இருந்தமையால்தான் அதுவும் மிஞ்சியது. தமிழில் சாவி வைக்க வேண்டும் என வாதிட்டு வந்தவருக்கு இது சற்றுக் கசப்பான செய்தி.

திருத்திய நடைமுறை வரிசையைப் பொறுத்தது. முதலில் தரவு முழுவதும் நினைவகத்திலேயே ஜேசான் சரமாகிறது. பின் யுடிஎஃப்-8 எனக் குறிப்பிட்டு பைட்டுகளாகிறது. இவ்விரு படிகளில் பிழை நேர்ந்தாலும் வட்டிலுள்ள கோப்பு தொடப்படவில்லை. அடுத்து, அதே கோப்புறையில் தற்காலிகப் பெயருடைய புதிய கோப்பில் எழுதி, வட்டில் பதிந்ததை உறுதிசெய்து, இறுதியில் பழைய கோப்பின் இடத்தில் அதனை மாற்றி வைத்தல் வேண்டும். பைத்தானின் ‘ஓஎஸ்.ரீப்ளேஸ்’ இதற்குரியது. எழுதும் நடுவே மின்சாரம் தடைப்பட்டாலும் பழைய கோப்போ புதிய கோப்போ முழுமையாக எஞ்சும்.

எழுதிப் படிக்கையில் வகை மாறுவதும் உண்டு. ஜேசானில் சாவிகள் அனைத்தும் சரங்கள். 1 என்னும் எண்ணைச் சாவியாக எழுதினால் திரும்பி வருவது ‘1’ என்னும் சரம். முடித்த நிலைகளை எண்சாவிகளால் குறித்திருந்தால், மீளத் திறக்கும்போது எந்நிலையும் முடிக்கப்படாததாகவே தோன்றும். பைத்தானின் ‘பிக்கிள்’ வகைகளைக் காக்கும் என்று சிலர் அதை நாடுவர். பிறரிடமிருந்து பெற்ற பிக்கிள் கோப்பைத் திறப்பது அவர் எழுதிய நிரலை இயக்குவதற்கு ஒப்பாகும் என்பதால், சேமிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் விளையாட்டில் அதனை ஏற்க இயலாது.

மூன்றாம் பதிப்பின் சேமிப்புக்கோப்பில் முதற்சாவியாகப் பதிப்பெண் இடம்பெறுகிறது. பதிப்பெண் இல்லாத கோப்பு பழையது எனக் கொள்ளப்பட்டு, அதன் சொற்கள் இயல்பாக்கம் செய்யப்பட்டுப் புதிய அமைப்பிற்கு மாற்றப்படுகின்றன. மூலக்கோப்பு வேறு பெயரில் காக்கப்படுகிறது. துறைத்தோழரின் நிலை எண்ணையும் மதிப்பெண்ணையும் அறுபட்ட கோப்பிலிருந்து கையால் எடுத்து மீட்க முடிந்தது. அவர் கண்டறிந்திருந்த சொற்களை மீட்க இயலவில்லை.