உங்களுக்குத் தெரியுமா? புதர்க்காட்டின் நட்சத்திர ஆமை

வடமேற்கு இந்தியாவும் பாகிஸ்தானும், தென்கிழக்கு இந்தியா, இலங்கை: உலகில் நட்சத்திர ஆமையின் தாயகம் இவ்வளவுதான். தமிழகத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் காரையும் சூரையும் மண்டிய முள்காடுகள் இந்த ஆமைக்கு ஏற்ற நிலம். அரசுக் கணக்கில் பல இடங்களில் 'தரிசு' என்று எழுதப்படுவதும், தொழிற்பேட்டைக்கு முதலில் கைவைக்கப்படுவதும் இத்தகைய நிலம்தான்.

கறுத்த ஓட்டின் மஞ்சள் கதிர்கள் நமக்குத்தான் அழகு. ஆமைக்கு அவை கண்ணில் படாமல் மறைக்கும் போர்வை. காய்ந்த புல்லின் நிழற்கோடுகளுக்கிடையே இருந்தால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. கடுங்கோடையில் புதரடியில் முடங்கிக் கிடக்கும். மழை விழுந்ததும் சுறுசுறுப்பாகிப் புல், பூ, உதிர்ந்த பழம் என்று மேயும். இணை சேர்வதும் அப்போதுதான். ஆணைவிடப் பெண் பெரியது. பெண் ஆமை இறுகிய மண்ணைத் தன் சிறுநீரால் நனைத்து, பின்னங்கால்களால் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அந்த மண்ணின் வெப்பமே முடிவு செய்கிறது!

'அதிர்ஷ்டம்' என்ற மூடநம்பிக்கைக்காகவும் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்காகவும் இவை ஆயிரக்கணக்கில் பிடிக்கப்படுகின்றன. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளிலேயே சிக்கியிருக்கின்றன. 2019-இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தம்) மாநாடு, காட்டில் பிடித்த நட்சத்திர ஆமைகளின் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தது. நம் நாட்டில் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். வழியில் கண்டால் எடுத்துவராதீர்கள்; யாரேனும் விற்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.